ஆறாம் வாய்க்காலின் கடைசிக் காணி

ஆறாம் வாய்க்கால் ஓர் ஊராகும் முன்னர் அங்கே பத்துப் பன்னிரண்டு ஆண்கள்தான் இருந்தார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயக்கூடிய காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, காணியில்லாதவர்களுக்கு மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேடும் அரசாங்கம் கொடுத்த காலம் அது. யாழ்ப்பாணத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒவ்வொருவராக, பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, கோடாலியும் அரிசிச் சாக்குமாக வந்து சேர்ந்தார்கள். யானை வந்தால் எல்லோரும் ஒரே மரத்தில் ஏறினார்கள். ஒரே பானையில் காய்ச்சிக் குடித்தார்கள். நீ எந்தப் பகுதி, என்ன சாதி என்று ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையா, கேட்டால் பானையை இரண்டாக்க வேண்டிவரும் என்று பயந்தார்களா, யாருக்குத் தெரியும்.

காணிக்குச் சீட்டுக் குலுக்கியபோது வீரகத்திக்கு விழுந்தது வாய்க்காலின் கடைசித் துண்டு.

"வீரகத்தி அண்ணை, நாங்கள் எல்லாரும் குடிச்ச மிச்சம்தான் உங்களுக்கு வரும்," என்று பகிடி பண்ணினார் பக்கத்துக் கொட்டில் நடராசா.

"வரட்டும் தம்பி. மிச்சமெண்டாலும் என்ரை காணியிலை விழுகிற தண்ணி."

என்ரை காணி. அந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள் வைத்துச் சுவைப்பதுபோல அவர் சொன்னார். அவருடைய தகப்பன் ஊரில் கட்டாடி. வீடு வீடாக அழுக்குத் துணி எடுத்து, வெளுத்து, மடித்துக் கொடுத்து, செத்த வீட்டில் பந்தலுக்கு வெள்ளை கட்டி, பாடைக்கு முன்னால் நிலபாவாடை என்று துணி விரித்து, பிறத்தியாரின் வளவு மூலையில் குடியிருந்து செத்தவர். அந்த அழுக்குத் துணிப் பொட்டணியை இனித் தொடுவதில்லை என்றுதான் வீரகத்தி காட்டுக்கு வந்தார். அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரண்டாம் வருடம் நடராசாவுக்குக் காய்ச்சல் வந்தது. நினைவு தப்பிக் கிடந்தார். வீரகத்தி அவரைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பாதையால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து பார்த்தபோது கொட்டிலில் நடராசாவின் போர்வையும் வேட்டியும் நாறிக் கிடந்தன. அவற்றைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, பானையில் வெள்ளாவி வைத்து, வாய்க்கால் கல்லில் அடித்துக் காயப்போட்டார். கை தன் பாட்டில் வேலை செய்தது. போர்வை கொக்குச் சிறகு போல வெளுத்துவிட்டது.

"அண்ணை, உதென்ன வெளுப்பு! என்ரையையும் ஒருக்கால் அலம்பி விடுங்கோவன்," என்று ஆளுக்கொரு துணியைக் கொண்டுவந்து போட்டார்கள். பத்து வருடம் தாங்கக்கூடிய பகிடியும் சிரிப்புமாக அந்தக் கிழமை போனது. வீரகத்தியும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தோய்த்தார். அன்று மறுத்திருக்கலாம். ஆனால் தோழமைக்குச் செய்கிறபோது யார் கணக்குப் பார்ப்பார்கள்?

காடு வயலானது. கிணறு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. பிறகு பெண்கள் வந்தார்கள். வீரகத்தியின் மனைவி மாணிக்கமும் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு விமலேஸ்வரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது பெரிய சாதிக்காரர் வைக்கிற பெயர்; பழைய ஊரில் அதை அவர்கள் வாய்விட்டுக் கூப்பிட்டிருக்க முடியாது.

நடராசாவின் தாய் தங்கமுத்துவும் வந்தார். வந்த மறுநாளே முற்றத்தில் நின்ற வீரகத்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி எந்த ஊர்? ஆற்றை மோன்?" என்று கேட்டார். வீரகத்தி ஊரைச் சொன்னார்; தகப்பன் பெயரைச் சொல்லாமல் விட்டார். மகனின் போர்வை வெளுத்த கதையை யாரோ சிரித்துச் சிரித்துச் சொல்ல, மிச்சத்தைத் தங்கமுத்து தானே கண்டுபிடித்துக்கொண்டார்.

"கை காட்டிக் குடுத்திட்டுது. அண்டைக்கே வெளுத்தவன்தானே, இப்ப என்ன வெக்கம்? பெட்டைக்குப் பேர் விமலேஸ்வரியாம். ஈஸ்வரியளும் இப்ப துணி தோய்க்க வெளிக்கிட்டிட்டினமோ!"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வீரகத்திக்குத் தேத்தண்ணீர் தேங்காய்ச் சிரட்டையில் வந்தது. நடராசா மாட்டைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வீரகத்தி சிரட்டையை வேலியடியில் வைத்துவிட்டு வந்தவர்தான், பிறகு அந்தப் படலையைத் திறக்கவில்லை. 'அண்ணை' போய் 'வீரகத்தி' ஆனது. அதுவும் போய் 'கட்டாடி' ஆனது. ஆனாலும் ஒருவருடைய துணியையும் அவர் பிறகு தொடவில்லை. மாரிப் போகமும் கோடையில் சிறுபோகமும் விதைத்தார். கடைசிக் காணிக்கு முறைப்படி தண்ணீர் வந்தது. அது போதுமாயிருந்தது.

அறுபத்து நான்காம் ஆண்டு சிறுபோகத்தில், நெல் குடலைப் பருவத்தில் நின்றபோது தங்கமுத்து இறந்துபோனார்.

விடிந்ததும் நடராசாவும் ஐயாத்துரையும் வந்தார்கள். வாய்க்காலின் முதற் காணிக்காரர் ஐயாத்துரை. தண்ணீர் பங்கிடும் பொறுப்பும் மடைத் திறப்பும் அவரிடம்தான். நடராசா பின்னால், தலை குனிந்தபடி நின்றார்.

"கட்டாடி, செத்தவீடு தெரியும்தானே. வந்து வெள்ளை கட்டு. நிலபாவாடையும் விரிக்கவேணும்," என்றார் ஐயாத்துரை.

"அறிஞ்சனான். வரத்தான் வெளிக்கிடுறன். பாடை கட்டுறன், தோளும் குடுக்கிறன்."

"தோளோ!" ஐயாத்துரை சிரித்தார். "கேட்டியே நடராசா, கொம்மாவை இவர் காவப்போறாராம்."

வீரகத்தி நடராசாவைப் பார்த்தார். "நீ சொல்லு தம்பி. உன்னை இந்தத் தோளிலைதானே காவினனான்."

"அது காடு, அண்ணை," என்றார் நடராசா. "இது ஊர்."

"அண்ணையோ?" என்று ஐயாத்துரை திரும்பிப் பார்த்தார்.

"நான் வயல் செய்யிற கமக்காரன். வேறை ஆளைப் பாருங்கோ," என்றார் வீரகத்தி.

"பாக்கலாம். இண்டைக்குப் பின்னேரம் உன்ரை தண்ணி முறை, என்ன? வாய்க்கால் கட்டு உடைஞ்சமாதிரிக் கிடக்கு. திருத்த எட்டுப் பத்து நாள் செல்லும்."

அவர்கள் போய்விட்டார்கள். வாய்க்காலில் ஓர் உடைப்பும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும். எட்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் வயல் முழுவதும் பதராகிவிடும் என்பதும் தெரியும்.

மாணிக்கம் வயலுக்குள் இறங்கி ஒரு தண்டைப் பிடுங்கி நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பால் நிறத்தில் கதிர் சுருண்டு கிடந்தது.

"பிள்ளைத்தாச்சி மாதிரி நிக்குது," என்றாள். "போகாதையுங்கோ எண்டு சொல்லத்தான் எனக்கும் ஆசை. மாரி வரைக்கும் பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

வெயில் ஏறியது. கீழ்ப் பாத்தியில் சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது. வீரகத்தி வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார், ஈரம் படவில்லை. எழுந்து வீட்டுக்குள் போனார்.

கட்டாடியிடம் விரிப்பதற்கு ஊராரின் துணி இருக்கும். அவர் கட்டாடியாக இல்லாததால் அவரிடம் ஒன்றும் இல்லை. காணி கொடுத்த நாளில் உடுத்திருந்த வேட்டி ஒன்று, கலியாணவேட்டி ஒன்று, மாணிக்கத்தின் வெள்ளைச் சேலை ஒன்று. மூன்றையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

சேலையைப் பந்தலில் பிணத்துக்கு மேலே கட்டினார். பாடை வெளிக்கிட்டபோது வேட்டிகளை நிலத்தில் விரித்தார். பாடை கடந்ததும் பின்னால் ஓடி முதல் வேட்டியை எடுத்து, முன்னால் ஓடிவந்து மறுபடி விரிக்கவேண்டும். குனிந்தபடியே ஓடினார். இப்படி ஓடுவதற்குக் கால் மறந்திருக்கவில்லை. கொள்ளிச்சட்டியோடு நடராசா முன்னால் வந்தார். காணி வேட்டியில் அவர் கால் ஒரு கணம் தயங்கியது.

"நில்லாதை, மிதிச்சு வா," என்றார் பின்னால் வந்த ஐயாத்துரை.

நடராசா மிதித்து வந்தார்.

"ஓட்டம் பழகின ஓட்டம். தேப்பன் பேரைக் காப்பாத்திப் போட்டான்," என்று யாரோ சொல்ல, சனம் செத்தவீடு என்பதையும் மறந்து சிரித்தது. பானையில் ஒன்றாகக் குடித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

பின்னேரம் மடை திறந்தது. ஆனால் மேல் காணிக்காரர்கள் எல்லோரும் இன்னொருமுறை பாய்ச்சிய பிறகுதான் தண்ணீர் கடைசிக்கு வந்தது. பாதி வயல் நனைந்தது. மற்றப் பாதி அந்தப் போகம் பதராகப் போனது. ஊர் அதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த இடத்துக்குக் கட்டாடி வெளி என்று பெயர் வைத்துக்கொண்டது. ஆறாம் வாய்க்காலில் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் கிடைத்த முதற் காணி அதுதான்.

மறுநாட் காலை வீரகத்தி வரம்பில் நின்றபோது செத்தவீட்டிலிருந்து ஒருவன் பெரிய பொட்டணி ஒன்றைக் கொண்டுவந்தான். பாய் விரிப்பு, தலையணை உறை, பிணம் கிடந்த படுக்கைத் துணி. எல்லாவற்றுக்கும் மேலே சேறு காய்ந்துபோன அவருடைய வேட்டிகள்.

"வெள்ளிக்கிழமைக்கு வேணுமாம், கட்டாடி," என்றவன் அதைத் தண்ணீர் நின்ற பாத்திக்குள் போட்டுவிட்டுப் போனான்.

பொட்டணி அமிழ அமிழ, அதிலிருந்து கலங்கிய அழுக்கு குடலை நெல்லின் அடிகளைச் சுற்றிப் பரவியது. பயிர் பழுதாகிவிடும் என்று தோன்றியதும் வீரகத்தி இறங்கி அதை எடுத்தார். எடுத்த பொட்டணியைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கல்லை நோக்கி நடந்தார்.