ஹீ ஹாஸ் கேர்லி ஹெயார்

மழையில் நனைந்த கிடுகுக் கூரையின் மணம் எங்கே வந்தாலும், வவுணதீவில் வாவிக்கரையோரம் இருந்த எங்கள் ரியூசன் கொட்டில்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஆட்களின் தோற்றத்தை இங்கிலீசில் சொல்லும் பாடம் நடந்த மாரிகாலத்தில், கூரை ஒழுகாத மூலையில் நாங்கள் நெருங்கி உட்கார்ந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து, 'ஷீ ஹாஸ் லோங் ஹெயார்' என்று கத்திக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுப் பூமணி மாமியும் கடைசி வாங்கில் இருந்து உதடு அசைப்பா. வட்டைக்கு வயல் காவலுக்குப் போன அவவின் மகனை முந்தின சண்டை நேரம் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வரும் வெள்ளைக்காரரிடம் அவனுடைய அடையாளத்தைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்று மாமிக்கு ஆசை.

"ஹீ ஹாஸ் கேர்லி ஹெயார்," என்று மகனின் சுருட்டை முடியைப் பற்றி ஒருநாள் சத்தமாகச் சொன்னா.

இறந்தகாலம் புதிதாகப் படித்திருந்த ஒருத்தி, "ஹாஸ் இல்ல மாமி, ஹாட்," என்றாள்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் மகள்?"

"நீங்க சொன்னதுதான் சரி," என்றா ரீச்சர்.

வெள்ளைக்காரர் வந்தார்கள், மாமி சொன்னதையெல்லாம் கேட்டார்கள், போனார்கள். அடுத்த சண்டையில் கொட்டில் எரிந்துபோனது. இப்போது அங்கே கண்ணாப் பற்றைதான் காடாய் மண்டிக் கிடக்கிறது.

போன கிழமை மாமியைப் பார்க்கப் போயிருந்தேன்.

"அவனுக்கு இப்ப தலை நரைச்சிருக்கும் மகள். அத இங்கிலீசில எப்பிடிச் சொல்ற?"

சொல்லிக்கொடுத்தேன். பிழையில்லாமல் வரும்வரை மாமி திரும்பத் திரும்பச் சொன்னா.