பெரியப்பாவின் கடிதத்தில் இல்லாத புலி

பென்ஷன் வாங்கிய மறுமாதமே எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊழியத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள். அவர் நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். பெரியம்மா அதே பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். பிள்ளைகள் கிடையாது. இரண்டு ரயில், ஒரு பஸ், அதற்குமேல் ஒரு நாள் நடை என்று வடக்கே எங்கோ ஒரு மலைக்காட்டில் பள்ளிக்கூடம் நடத்தவும் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கவும் எங்கள் தூத்துக்குடி சபைதான் அவர்களை அனுப்பிவைத்தது. இந்த வயதில் இது என்ன கிறுக்கு என்று அப்பா சொன்னார். ஸ்டேஷனில் முதலில் அழுததும் அவர்தான்.

பெரியப்பா மாதம் ஒரு கடிதம் எழுதுவார். உறைக்குள் எங்களுக்கென்று நாலு வரி இருக்கும். அது ‘விவரம் சபைக் கடிதத்தில்’ என்று முடியும். சபைக் கடிதத்தைத் தனியாக மடித்து ஒட்டி, மேலே ‘சபையில் திறக்க’ என்று எழுதியிருப்பார். சபைக்கு எழுதியதை வீட்டார் முந்திக்கொண்டு வாசிப்பது அவர் கணக்கில் களவு. எங்கள் வீட்டிலும் யாரும் திறக்க மாட்டோம். அது இரண்டாம் ஞாயிறு மத்தியானக் கூட்டத்தில்தான் திறக்கப்படும். உலை வைக்கும்போதெல்லாம் ஊழியத்துக்கென்று எடுத்துவைத்த கைப்பிடி அரிசியைப் பெண்கள் டின்களில் கொண்டுவந்து கொட்டுவார்கள். பிறகு கடிதம்.

அதை வாசிக்கும் வேலை எனக்கு. பெரியப்பாவின் எழுத்து கடுகு அளவுதான் இருக்கும். லீவு நாட்களில் அவரிடம் கையெழுத்துப் பழகிய எனக்கு மட்டுமே அது பிடிபடும். எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் துறைமுகத்தில் டியூட்டி. அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து பெருமையோடு கேட்பாள். வாசித்து முடித்ததும் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ஃபைலில் நானே கோத்துவைப்பேன். அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. நான் வாசித்தால் வாசித்ததுதான்.

முதல் சில மாதங்கள் உள்ளதை உள்ளபடி வாசித்தேன். மழை. இந்த வாரம் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர். சிரங்கு மருந்து தீர்ந்துவிட்டது. பெண்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் குறட்டையே விட்டார். எனக்கு மானம் போயிற்று. என்னமோ நான் எழுதிய கடிதம் மாதிரி. அடுத்த மாதம், மழைக்கும் சிரங்குக்கும் நடுவில் ஒரு புலியை விட்டேன். பள்ளிக்கூட வராந்தாவில் வந்து படுத்துக்கொண்டது என்று தாளைப் பார்த்தபடியே சொன்னேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அந்த ருசி விடவில்லை. யானை வந்தது. வெள்ளம் வந்தது; நீச்சலே தெரியாத பெரியப்பாவை அதில் அக்கரை சேர்த்தேன். “அத்தானுக்கு எப்ப நீச்சல் வந்துச்சு?” என்று அம்மா மட்டும் முணுமுணுத்தாள். “போன இடத்துல படிச்சிருப்பாக,” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. கூட்டத்துக்கு ஆள் கூடியது. குருவானவர் என் தலையில் கை வைத்து, இந்தப் பிள்ளை வாசித்தால் நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

அதற்கு அடுத்த கடிதத்தைப் பிரித்தபோது அதில் மழை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை; பெரியம்மாவைப் பற்றித்தான் இருந்தது. ‘உங்கள் சகோதரிக்கு விடாத காய்ச்சல். கொயினா மாத்திரை கொடுக்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகப் பாதை இல்லை. வெள்ளிதோறும் சபையார் உபவாசமிருந்து அவளுக்காக ஜெபிக்கும்படி மன்றாடுகிறேன்.’ கீழே வேறு எதுவும் இல்லை. எங்களுக்கு வந்த நாலு வரியில் வழக்கம்போல ‘விவரம் சபைக் கடிதத்தில்’ என்றுதான் இருந்தது.

முந்தின மாதம் புலியை மறுபடி கொண்டுவந்து சமையல்கட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். “ஏளா, புலி என்னாச்சு? வாசி,” என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. நான் புலியை வாசித்தேன்.

மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் திரேஸ்புரத்து மீன்காரி வரும் நாள். உபவாசம் என்று தெரிந்தால் அம்மா வீட்டையே பட்டினி போடுவாள் என்பதும் அந்த ஒரு நொடிக்குள் என் மனதில் ஓடியது. இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது. அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த கடிதத்தில் காய்ச்சல் கூடியிருந்தது. இப்போது வாசித்தால், எப்போது தொடங்கியது என்று கேட்பார்களே. அதையும் விழுங்கினேன். மூன்றாவதில் ‘உங்கள் ஜெபத்தால் பிழைத்தாள்’ என்று இருந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று யானையை வாசித்தேன்.

அடுத்த கோடையில், ஒரு இரண்டாம் ஞாயிறு காலையில், இருவரும் லீவில் வந்து இறங்கினார்கள். பெரியம்மாவுக்குப் பாதி முடி கொட்டியிருந்தது. கொயினா காதையும் எடுத்துவிட்டது; கத்தினாலும் கேட்காது. அன்று மத்தியானமே கூட்டத்தில் பெரியம்மாவைப் பேசச் சொன்னார்கள்.

“நெனவு தப்பித் தப்பி வரும். முழிச்ச ஒடனே என்ன கெழமைன்னுதான் கேப்பேன். வெள்ளிக்கெழமைன்னு இவுக சொன்னா, இன்னைக்குத் தூத்துக்குடில அத்தன பேரும் எனக்காவப் பட்டினி கெடக்காகன்னு நெனச்சிக்கிடுவேன். அந்த நெனப்புலதான் அடுத்த வெள்ளி வரைக்கும் கெடந்தேன். ஒங்களுக்கெல்லாம் என்ன செய்யப்போறேன்?”

கூட்டத்தில் தலைகள் திரும்பின. “எப்பளா காய்ச்சல்? நமக்கு எழுதவே இல்லியே,” என்று ஒருத்தி கேட்டது எனக்கே கேட்டது. பெரியம்மாவுக்குக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தார். தான் வராத மாதத்தில் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருத்தியும், காதில் வாங்காமல் விட்டுவிட்டோம் என்று அம்மாவும் நினைத்திருக்க வேண்டும். ஒருத்தி ஆமென் என்றாள். பிறகு எல்லோரும் ஆமென் என்றார்கள்.

“புலி வந்தப்ப என்ன செஞ்சீக அண்ணாச்சி?” என்று பக்கத்து வீட்டு அத்தை பெரியப்பாவிடம் கேட்டாள். அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பரீட்சையில் ஒரு வார்த்தை பார்த்து எழுதினாலும் தாளைக் கிழிக்கிற மனிதர். “காட்டுல எல்லாம் உண்டும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஃபைலைக் கேட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டி, அந்தக் கடிதத்தில் நிறுத்தினார். பெரியம்மா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து என் பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா குரலைத் தாழ்த்தவில்லை, தாழ்த்தத் தேவையில்லை.

“இத வாசிச்சியாம்மா?”

இல்லை என்று தலையாட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அழுகைதான் வந்தது. பெரியம்மா நிமிர்ந்து பார்த்து, “எதுக்கு அழுதா? பிள்ளைய வையாதீக,” என்றார்.

“பெரியம்மாட்ட மட்டும் சொல்லிராத,” என்றார் பெரியப்பா. வேறு யாரிடமும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜூனில் திரும்பிப் போனார்கள். மறுபடி கடிதம் வந்தது. ‘இருவரும் சுகம். மழை உண்டு. பள்ளிக்கூடம் நடக்கிறது.’ அவ்வளவுதான். ஒரு எழுத்துக் கூட்டாமல், ஒரு எழுத்துக் குறைக்காமல் வாசித்தேன். மாதாமாதம் அப்படியே வாசித்தேன். புலி எங்கே என்று கேட்டார்கள், இல்லை என்றேன். கூட்டம் குறைந்தது. நான் திருந்திவிட்டேன் என்று எனக்குள் ஒரு மிதப்புக்கூட இருந்தது. கடிதம் சுருங்கியதில் சந்தோஷம் வேறு, சீக்கிரம் முடிந்துவிடும்.

இரண்டு வருஷம் கழித்து, பெரியம்மா அங்கேயே இறந்துபோனதாகத் தந்தி வந்தது. நாலைந்து மாதம் படுக்கையில் கிடந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. “சுகம்னுதான எழுதியிருந்தாக? நம்மட்ட ஒரு வார்த்தை சொல்லலியே,” என்று சபையில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நான் ஓடிப்போய் ஃபைலை எடுத்துவந்தேன். ஆமாம், சுகம் என்றுதான் எழுதியிருக்கிறார், நான் ஒரு வரிகூட விடவில்லை என்று ஒவ்வொருவரிடமும் அந்தக் கடிதங்களை விரித்துக் காட்டினேன்.