பனியில் விட்ட கதவு

மலைமேல் பெருமாள்மலை வண்டிப் பட்டறையில் சேர்ந்த நான்காம் நாள், கவுஞ்சி ஊர் விவசாயி ஒருவர் எஃப்.சி. தகுதிச் சான்றுக்காக விட்டிருந்த ஜீப்பின் கதவில் துருவெடுத்தேன். தகரம் வெளுக்கும்வரை எமரித் தாளால் தேய்த்தேன். கீழே திண்டுக்கல்லில் செய்ததுபோல, துரு பிடிக்காமல் காக்கும் பிரைமரைக் காலையில் அடிக்கலாம் என்று விட்டுவிட்டேன். விடிந்தபோது பட்டறைக்குள் பனி நின்றது. கதவு முழுக்கச் செந்துரு. மறுபடி தேய்த்தேன். மெலிந்திருந்த தகரம் உடைந்து விரல் உள்ளே போனது.

"ஏலே, துருவ எடுக்கச் சொன்னா கதவயே எடுத்துட்டியே!" என்றார் முதலாளி.

ஜீப்காரர் கத்தவில்லை. "நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுல வண்டியக் காட்டணுங்க. பூண்டு மூட்டையெல்லாம் கட்டிக் கெடக்கு," என்று மட்டும் சொன்னார்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. ஜீப்காரர் இன்னும் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு, எந்த ஊர் என்று பார்க்காமல் பஸ் ஏறினேன்.