சுருட்டைத் தூங்கப் போடுதல்

1. பங்குனி முதல் வாரத்தில் ஒரு காலை, சாத்தூரில் வந்து நின்ற திருச்சி பஸ்ஸிலிருந்து உறையூர்ச் சுருட்டுக் கட்டு இறங்கியது. கோணியைத் தாண்டி, புளித்த வெல்லம் போல ஒரு நெடி வந்தது.

2. அன்று மதியமே விருதுநகரிலிருந்து செய்தி வந்தது. சின்னம்மாவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மா உடனே கிளம்ப வேண்டும்.

3. அம்மா அந்தக் கட்டு முழுவதையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பதினொரு வயது.

4. அம்மா சொன்னவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்தேன்.

5. முப்பத்தைந்து நாள் கழித்து, கோயில் பொங்கலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அம்மா திரும்பி வந்து பெட்டியைத் திறந்தாள்.

ஆனைக்குட்டம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். பெரும்பாலும் எல்லா வீட்டிலும் ஒருவராவது பட்டாசுக் கம்பெனிக்கோ தீப்பெட்டிக் கம்பெனிக்கோ போகிறவர். அப்பா லோடு லாரியில் வடக்கே போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும் என்பதால் அம்மா ஊருக்குள் பெட்டிக்கடை வைத்திருந்தாள். மிட்டாய், சோப்பு, வெற்றிலை எல்லாக் கடையிலும் கிடைப்பதுதான். எங்கள் கடைக்கென்று தனியாக ஒரு பெயர் இருந்தது என்றால் அது சுருட்டுக்காக. வந்த சுருட்டை அம்மா வந்த அன்று விற்க மாட்டாள். நாற்பத்தைந்து நாள் பெட்டிக்குள் கிடந்த பிறகுதான் வெளியே எடுப்பாள். அதற்கு எங்கள் வீட்டில் "தூங்கப் போடுதல்" என்று பெயர். யாராவது முன்கூட்டியே கேட்டால் "இன்னும் தூங்குது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

இப்போது நான் படித்த படிப்பை வைத்து அதற்குக் காரணம் சொல்ல முடியும். புதிதாகச் சுற்றிய சுருட்டில் உள்ளிலைக்கு ஓர் ஈரம், மேலிலைக்கு ஓர் ஈரம் இருக்கும்; பற்ற வைத்தால் ஒரு பக்கம் ஓடி எரியும், மறு பக்கம் அணையும். மூடிய பெட்டியில் கிடக்கக் கிடக்க இரண்டு ஈரமும் ஒன்றாகும், பச்சை நெடியும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அம்மாவுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. சுருட்டைக் காதருகே வைத்து விரலால் லேசாக உருட்டிப் பார்ப்பாள். சத்தமே வராவிட்டால் இன்னும் நாள் இருக்கிறது. சருகுபோல நொறுங்கினால் காய்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சன்னமான முனகல் வர வேண்டும்.

வேறு ஊராக இருந்தால் இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பார்களா என்று தெரியாது. பட்டாசு மருந்தோடு புழங்குகிற எங்கள் ஊர் ஆட்களைக் கம்பெனி வாசலில் தீப்பெட்டி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் தீக்குச்சி பக்கமே போகாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தலை முழுகி, துவைத்த வேட்டி கட்டி, கண்மாய்க் கரையில் உட்கார்ந்து ஒரே ஒரு சுருட்டைப் பற்ற வைப்பார்கள். அந்த ஒன்றும் பாதியில் அணைந்து மறுபடி மறுபடி குச்சி கேட்டால் அவர்களுக்குப் பொறுக்காது. ரோட்டோரத்தில் இன்னொரு கடை இருந்தது. அங்கே வந்த லோடு அன்றைக்கே விற்பனைக்கு வந்துவிடும். "சாத்தூரு தீப்பெட்டிக் கம்பெனிக்காரன் பொழைக்கட்டும்னுதான் நீ சுருட்டு விக்கியா?" என்று அந்தக் கடைக்காரரை நேராகவே கேட்டுவிட்டு எங்கள் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

அதனால்தான் கருப்பசாமி கோயில் சித்திரைப் பொங்கலுக்குப் படையல் சுருட்டு எங்கள் கடையிலிருந்து போக ஆரம்பித்தது. இருபத்தொரு சுருட்டு. அதில் முதல் சுருட்டைச் சாமியாடி பற்ற வைத்து, அது எரிந்து முடிவதற்குள் வாக்குச் சொல்ல வேண்டும். இடையில் அணைந்தால் அந்த வாக்குச் செல்லாது, சாமிக்கு ஏதோ குறை என்று அர்த்தம். முந்தைய ஆண்டுதான் முதன்முறையாக அம்மாவிடம் வாங்கினார்கள். பெண்பிள்ளை கைபட்ட சுருட்டைச் சாமிக்கு வைப்பதா என்று ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து பேசியிருந்தார்கள். ரோட்டுக் கடைக்காரர் அதில் ஒருவர். அந்த ஆண்டு சுருட்டு ஒழுங்காக எரிந்ததால் அந்தப் பேச்சு அமுங்கிக் கிடந்தது. தீர்ந்துவிடவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அம்மா போகும்போது சொன்னவை நான்கு: பழுப்புத் தாளில் சுற்று; வத்தலும் பெருங்காயமும் இருக்கிற பக்கம் பெட்டியை வைக்காதே; வாரத்துக்கு ஒருமுறை கீழே இருப்பதை மேலே எடுத்து வை; வெயில் ஏறினால் பெட்டிக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கு போடு, பெட்டிமேல் படாமல். பின் மூன்றையும் கிழமை தவறாமல் செய்தேன். முதலாவதில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. சாமிக்குப் போகிற சுருட்டைப் போய் இந்த அழுக்குப் பழுப்புத் தாளிலா சுற்றுவது? எங்கள் தெருவில் லேபிள் வெட்டுகிற வீடுகள் நிறைய. அச்சகத்திலிருந்து கழித்துவிட்ட "வேஸ்ட் ஷீட்" கட்டுக் கட்டாகக் கிடக்கும். அந்த வாரம்தான் அச்சாகி வந்த, மயில் படமும் பொன் மையும் போட்ட, பளபளவென்ற மத்தாப்பு லேபிள் தாள்களாகத் தேர்ந்தெடுத்து எல்லாச் சுருட்டையும் மும்மூன்றாகச் சுற்றி, ஓரம் மடித்து, நூல் கட்டி அடுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வாரா வாரம் திறந்து மாற்றி வைத்தபோதும் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாம் அந்தத் தாளில்தான் அட்டை போட்டிருக்கும். மை வாடை எங்களுக்கு ஒரு வாடையே அல்ல.

பெட்டியைத் திறந்த அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள். இன்னொன்றைப் பிரித்தாள்.

"ஏ புள்ள, இங்கன வா. இதுல என்ன வாடை அடிக்கு?"

"புது நோட்டு வாடைம்மா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

பேச்சியம்மா அத்தை அப்போது அங்கேதான் இருந்தாள். பக்கத்து வீடு, தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை, அம்மா இல்லாத நாளெல்லாம் எனக்குச் சோறு போட்டவள், ஊரில் வெளிப்படையாகச் சுருட்டுப் பிடிக்கிற ஒரே பெண். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பற்ற வைத்தாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் காறித் துப்பினாள்.

"ஏ தாயி, காலண்டரச் சுருட்டிக் குடிச்ச மாதிரியில்ல இருக்கு. நாலு இழுப்பு இழுத்தா இன்னைக்கு என்ன தேதி, ராகுகாலம் எப்பன்னு சொல்லிருவேன் போல."

அம்மா சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பிரித்த தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன இப்ப? சாம்பிராணியும் பத்தியும் போடுற எடத்துல யாரு வாடை பாக்கா? அம்புட்டுப் புகையில ஒண்ணும் தெரியாது" என்றாள் அத்தை.

"செல்லையா அண்ணன் வாயில வைப்பாருல்ல மதினி. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

செல்லையா மாமாதான் சாமியாடி. மற்ற நாட்களில் பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை அறையில் வேலை, அதிகம் பேசாதவர். அன்று மாலையே அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், சுருட்டு கெட்டுவிட்டது என்று நேரே சொன்னாள். நான் சுற்றினேன் என்று சொல்லவில்லை. "நான் சரியா வைக்கல அண்ணே" என்றாள்.

அவர் ஒரு சுருட்டை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரோட்டுக் கடைக்காரரு நேத்தே வந்துட்டாரு தங்கச்சி. நீ ஊர்லயே இல்ல, இந்த வருசம் நான் தாரேன்னாரு. அவருகிட்ட இருக்கிறதும் முந்தாநாள் எறக்குன லோடுதான். அணைஞ்சாலும் அணையும். ஆனா ஒண்ணு, இந்த வருசம் ஒன் கைய விட்டுப் போச்சுன்னா அடுத்த வருசம் கூட்டத்துல ஒனக்காக நான் பேச முடியாது. வாயத் தொறந்தா, அதான் பாத்தமேன்னு அடைச்சிருவாக."

"ஒம்போது நாள் இருக்குல்ல அண்ணே."

"ஒம்போது நாள்ல புதுசு தூங்கிருமா?"

"புதுசு தூங்காது" என்றாள் அம்மா. "பழசு ஊருக்குள்ள இருக்கு."

எனக்கு அது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா என்னிடம் நோட்டை எடுக்கச் சொன்னபோதுதான் விளங்கியது. அம்மா விருதுநகருக்குப் போவதற்கு முந்தைய வாரம்தான், ஏற்கெனவே தூங்கி எழுந்த போன கட்டு முழுவதும் விற்று முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிடிக்கிறவர்கள் ஒரே தடவையில் ஏழெட்டு வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வார்கள். யார் யார் வாங்கினார்கள் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் வரிசை எண் போட்டு எழுதினேன். பதினொரு வீடு. என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் உருப்படியான பட்டியல் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனோம். மூன்று வீட்டு வாசலில் அம்மா அதே வார்த்தையைச் சொன்னாள்: நான் சரியாக வைக்கவில்லை. ஒவ்வொரு முறை அவள் சொல்லும்போதும் எனக்குக் காது சுட்டது. நான்காவது வீட்டில் அவள் வாயைத் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன். "நான்தான் லேபிள் தாள்ல சுத்திட்டேன். அம்மாவுக்குத் தெரியாது."

அந்த வீட்டுக்காரர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "மத்தாப்பு லேபிளா, ராக்கெட்டு லேபிளா?"

"மத்தாப்பு."

"நல்லவேளை. ராக்கெட்டுன்னா செல்லையா மேல போயிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் மூன்று சுருட்டைக் கொண்டுவந்து தந்தார்.

எல்லாரும் அப்படிக் கொடுத்துவிடவில்லை. ஒருவர் கைவசம் இரண்டுதான் இருப்பதாகவும் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றும் சொல்லி, வெகுநேரம் யோசித்து ஒன்றைத் தந்தார். ஒரு வீட்டில் ஆள் இல்லை. இன்னொரு வீட்டில் நான்கு சுருட்டை ஆசையாக எடுத்து வந்து கொடுத்தார்கள்; பட்டுச் சேலைப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு வைத்திருந்திருக்கிறார்கள். அம்மா முகர்ந்து பார்த்து, கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "ஏன், சாமிக்குப் பாச்சை உருண்டை ஆகாதாக்கும்?" என்று அந்த வீட்டுப் பெரியம்மாவுக்குக் கோபம். எண்ணிக்கை குறைவாக இருக்கிற நேரத்தில் நான்கைத் திருப்பிக் கொடுத்ததில் எனக்கும் கோபம்தான். அம்மா வாங்கிக்கொண்ட ஒவ்வொன்றையும் காதருகே உருட்டிப் பார்த்துத்தான் பையில் போட்டாள். பதினோராவது வீட்டை முடித்தபோது பதினெட்டு இருந்தது.

வீட்டு வாசலில் பேச்சியம்மா அத்தை நின்றிருந்தாள்.

"எத்தன?"

"பதினெட்டு."

"ஏ புள்ள, ஒன் லிஸ்ட்டுல எம்பேரு இருக்கா?"

நோட்டைப் பார்த்தேன். இல்லை. அம்மா சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

"அதெப்படி இருக்கும்? பொம்பளைக்கு எதுக்கு இருப்புன்னு நெனச்சிருப்பீக ஆத்தாளும் மகளும்." அத்தை உள்ளே போய்ப் பழுப்புத் தாள் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஐந்து இருந்தது. "மூணு எடுத்துக்க. ரெண்டு எனக்கு வேணும். சாமிக்குன்னாலும் நான் பட்டினி கெடக்க மாட்டேன்."

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூன்றைத்தான் காதருகே உருட்டிப் பார்க்காமல் வாங்கினாள்.

பொங்கலன்று உச்சிவேளைப் படையல். சித்திரை வெயிலில் கோயில் பொட்டல் வெள்ளையாகக் காந்தியது. அரிவாள் வரிசைக்கு முன்னால் இலையில் இருபத்தொரு சுருட்டும் இருந்தன. பத்து வெவ்வேறு பெட்டிகளில் கிடந்தவை என்று சொன்னாலொழியத் தெரியாது. செல்லையா மாமாவுக்கு அருள் வந்தது. அவர் முதல் சுருட்டை எடுத்து வாயில் வைத்ததும், பக்கத்தில் நின்றவர் குச்சி கிழித்தார். ஒரே குச்சி. நுனி முழுவதும் வட்டமாகச் சிவந்தது. கூட்டத்தில் எதிர்ப்பக்கம் ரோட்டுக் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்று சுருட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லையா மாமா மழையைப் பற்றி ஒருவருக்கு, மகள் கல்யாணத்தைப் பற்றி ஒருவருக்கு, கம்பெனி லைசென்ஸ் பற்றி ஒருவருக்கு வாக்குச் சொன்னார். சாம்பல் விரல் நீளத்துக்கு உதிராமல் நின்றது. அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி, கடைசி வாக்குச் சொல்லி அவர் சுருட்டுக் கட்டையைத் தரையில் வைத்த பிறகுதான் தளர்ந்தது.

அதைப் பற்றி யாரும் அம்மாவிடம் வந்து நல்லதாக எதுவும் சொல்லவில்லை. மறு ஆண்டு மாசியில், ஊர்க்கூட்டம் முடிந்து போகிற வழியில் செல்லையா மாமா கடை முன்னால் நின்றார். "தேதி குறிச்சாச்சு தங்கச்சி. லோடு எப்ப எறக்குற?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கூட்டத்தில் யாரும் எழுந்து பேசவில்லை என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

இது நடந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. நான் அச்சுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, தின்பண்டங்களுக்கு உறை தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். உறையின் மை வாடை உள்ளே இருக்கிற பண்டத்தில் ஏறுகிறதா என்று பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. அந்தச் சோதனையில் என் மூக்கை நம்புகிறார்கள். செல்லையா மாமா இப்போது இல்லை. அவர் மகன் ஆடுகிறார். ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் சுருட்டோடு உட்கார்கிறவர்கள் மூன்று பேர்தான் மிச்சம். ரோட்டுக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அம்மாவும் கடையில் சுருட்டு விற்பதை நிறுத்திவிட்டாள். கோயிலுக்கு மட்டும் ஒரு கட்டு வரவழைக்கிறாள். பொங்கல் நோட்டீஸில் படையல் சுருட்டு என்ற வரிக்கு நேரே அம்மாவின் பெயரும் பேச்சியம்மா அத்தையின் பெயரும் அச்சாகின்றன. இந்த ஆண்டுக் கட்டு பங்குனி நான்காம் தேதி வந்து சேர்ந்தது. பெட்டியில் இருக்கிறது. இன்னும் பதினெட்டு நாள் பாக்கி.