தெருவின் அந்தப் பக்கத்து வரி

பி.காம். முடித்து ஆறு மாதமாகியும் வேலை கிடைக்காததால் என்னிடம் அப்போது கருத்துகள் ஏராளமாக இருந்தன. அந்த நேரம் பார்த்து அம்மா நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். மே மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வருகிற பணத்துக்கு ஒரு வீடுதான் வாங்க முடியும். தப்பாக வாங்கினால் திருத்திக்கொள்ள இன்னொரு முறை ஓய்வு பெற முடியாது. இவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

புரோக்கர் ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு வீடுகளைக் காட்டினார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். இந்தப் பக்கம் நகராட்சி: இரண்டு சிறிய அறைகள், வெளிச்சத்துக்குப் பஞ்சம். அந்தப் பக்கம் ஊராட்சி: அகலமான கூடம், மொட்டை மாடி, முருங்கை மரம். இரண்டு வரி ரசீதுகளையும் வாங்கிப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் அரை வருடத்துக்குக் கட்டும் தொகையில் அந்தப் பக்கத்தில் பல வருடங்களை ஓட்டிவிடலாம்.

விடுவேனா? நோட்டும் பேனாவுமாக நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பில் கலெக்டர் டீயை ஆற்றியபடியே பாடம் எடுத்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு போட இது இன்னா ரேஷன் அரிசியா? மெயின் ரோடுன்னா ஜாஸ்தி, சந்துன்னா கம்மி. தளம் போட்டா ஒண்ணு, ஓடு போட்டா ஒண்ணு. வாடகைக்கு விட்டா அது தனி."

"எதிர் வீட்டுக்கு மட்டும் ஏன் சார் அவ்ளோ கம்மி?"

"அது எங்க லிமிட் இல்லம்மா, பஞ்சாயத்து. இன்னா குடுக்கறாங்களோ அதுக்குத்தானே வாங்குவாங்க?"

அவர் சொன்னதில் ரேட்டையெல்லாம் அழகாகக் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டேன். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டேன். அதில் எண் எதுவும் இல்லையே.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். நாங்கள் போனபோதெல்லாம் கடையிலிருந்து ஜில்லென்று கலர் வாங்கி, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார். என்ன உபசாரம் என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

மூன்றாம் முறை போனபோது அம்மாவின் கைப்பையில் அட்வான்ஸ் பணம் இருந்தது. கலர் வந்தது. அம்மா தொடவில்லை.

"அண்ணே, ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, போதும்."

"வெயில்ல வந்திருக்கீங்க சிஸ்டர், ஜில்லுனு குடிங்க."

"உங்க போர் தண்ணியே குடுங்கண்ணே."

அவர் முருங்கை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் மனைவிதான் உள்ளிருந்து டம்ளரோடு வந்தார். "இது எதிர்ப் பக்கத்துக் குழாய்ல பிடிச்சது சிஸ்டர். தைரியமா குடிங்க."

"உங்க தண்ணில டீ போட்டா?"

"பால் திரிஞ்சுடும்" என்று அந்தம்மா சிரித்தேவிட்டார்.

"வீடுன்னா ஆயிரம் இருக்கும். வரியப் பாருங்க, எவ்ளோ கம்மி!" என்று வீட்டுக்காரர் ஆதரவு தேடி என்னைப் பார்த்தார். எனக்கு அன்றுதான் முதல்முறையாகக் கருத்து எதுவும் வரவில்லை.

கைப்பை திறக்கப்படாமலே வெளியே வந்தது. தெருவில் அம்மா கேட்டாள்: "உன் நோட்டுல தண்ணிக்கு ஒரு கட்டம் போட்டியாடி?"

"இல்லம்மா."

"வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல. மூணு தடவ கலர் குடிச்சியே, ஒரு தடவையாவது தோணிச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா."

இந்தப் பக்கத்து இருட்டு வீட்டையே வாங்கினோம். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், அதுவும் அதற்கு மனசு வந்தால். ஆனால் பால் திரியவில்லை.

சில வருடங்களில் நகராட்சி எல்லை நகர்ந்து அந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. வரி உடனே தெருவைத் தாண்டிவிட்டது. குழாய் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. விற்காத வீட்டின் புது ரசீதோடு ஒருநாள் மத்தியானம் சூப்பர்வைசர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பாப்பா, நீ படிச்ச பொண்ணு. இது ஏன் இவ்ளோ ஜாஸ்தின்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லேன்."

நான் பழைய நோட்டைத் தேட எழுந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ கேட்டுச் சொல்லுவா. முதல்ல உக்காருங்கண்ணே, தண்ணி குடிங்க."

எங்கள் வீட்டில் கலர் வாங்குவதில்லை.