பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

லூயி பிரகாசம் இறந்துபோன செய்தி காலையிலேயே என் கைக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். செல்போனில் அவர் படம் வந்தது. நீலச் சட்டை, அதே பாதிச் சிரிப்பு. கீழே நாலைந்து வரி எழுத்து. பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். பிரகாசத்துக்கு ஏதோ பெரிய பதவி கிடைத்திருக்கிறது, எல்லோரும் வணக்கம் வைக்கிறார்கள் என்று நினைத்து நானும் ஒரு பொம்மை அனுப்பினேன். மருமகள் ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்து படித்துச் சொன்னபோது, நாலு மணிக்கே அடக்கம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடத்தும் எங்கள் அறக்கட்டளையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு என்னைத் தெரியும். நெல்லித்தோப்பு மருத்துவமனை வாசலில் பதினாலு வருடம் காவலுக்கு நின்றவன். பிரகாசம் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். அவர் குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். அண்ணன் தம்பியெல்லாம் பாரீசில். இவர் ஒருவர்தான் இங்கேயே தங்கினார். "அங்க ஆகாதுண்ணே. வாசல்ல நின்னு பேச ஒரு ஆள் கெடைக்க மாட்டான்" என்பார். நான் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவேன், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம்.

என்ன வேலை செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். கேட்டில் என் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்.

"இனிமே மேசை மேல வெறும் திரைதாண்ணே. கம்ப்யூட்டரு எல்லாம் டவுன் ஆபீஸ்ல ஒரே ரூம்ல இருக்கும். யாரு எங்க குந்துனாலும் அவங்க வேலை அங்க வந்துடும்."

"காலாப்பட்டு ஸ்கூல் டீச்சரு இங்க வந்து குந்துனா?"

"அவங்களுதும் இங்க வரும்."

"அது எப்புடி? அவங்க யாருன்னு இந்த மிஷினுக்கு என்னா தெரியும்?"

கையைத் தட்டிச் சிரித்தார். "அதான் என் தலவலியே! ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஸ்கூல், மூணுக்கும் தனித்தனி ஆள் பட்டியல். ஒருத்தரு குடுத்த சீட்ட இன்னொருத்தரு நம்பணும். நீங்க ஆஸ்பத்திரி அட்டையைப் பாத்து உள்ள வுடறீங்க இல்ல? இனிமே ஸ்கூல் அட்டையைக் காட்டுனாலும் வுடணும். அத மிஷினுக்குச் சொல்லிக் குடுக்குறேன்."

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். எங்கள் மேனேஜருக்கு ஒரு பழக்கம். ஆட்கள் நேரத்துக்கு வர வேண்டும் என்பதற்காக ஆஸ்பத்திரிக் கடிகாரம் எல்லாவற்றையும் பத்து நிமிடம் முந்தி வைக்கச் சொல்வார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு வுடாம மாத்துய்யா" என்றார். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும் எனக்கு. ஏணியைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக மாற்றினேன். கம்ப்யூட்டர் அறைக்கும் போனேன். சுவரில் கடிகாரம் இல்லை. ஒரு திரையின் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் கலாவிடம் காட்டினேன்.

"இதுவும் கடியாரம்தானேம்மா? மேனேஜரு ஒண்ணு வுடக் கூடாதுன்னாரு."

"உங்க தொல்ல தாங்கல" என்று சிரித்துக்கொண்டே மாற்றினாள். அடுத்த வாரம் பிரசவத்துக்குத் தாய் வீடு போய்விட்டாள்.

புதுத் திரைகளைத் திறந்துவைக்க அறக்கட்டளைத் தலைவர் வந்த அன்று, எங்கள் கட்டடத்தில் ஒன்றுகூட உள்ளே விடவில்லை. டவுன் ஆபீசில் ஓடுகிறது, காலாப்பட்டில் ஓடுகிறது, இங்கே மட்டும் இல்லை. எல்லோர் முன்னாலும் தலைவர் சொன்னார்: "திங்கக்கெழமைக்குள்ள ஓடலன்னா மூட்டையக் கட்டிக்குங்க." மூன்று நாள் பிரகாசம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் டீ கொண்டுபோனால் திரையைப் பார்த்து "தூஸ்மான், தூஸ்மான்" என்று பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். மாட்டை அமர்த்துவதுபோல, மெதுவா மெதுவா என்று.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசலுக்கு வந்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போர்ட்டிகோ கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, இது முந்துதா?"

"ஆமாம் முசியே. இங்க எல்லாமே பத்து நிமிஷம் முந்திதான்."

"எல்லாமேவா?"

டீ டம்ளரை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கைதட்டல் கேட்டது. திரும்பி வந்து சொன்னார்: "ஒவ்வொரு சீட்டுலயும் நேரம் குத்தி அனுப்புதுண்ணே. ரெண்டு பக்கமும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா அந்தப் பக்கம் கள்ளச் சீட்டுன்னு வெரட்டிடும். நம்ம ஆள் பட்டியல் இருக்குற மிஷின்ல யாரோ மணிய மாத்தி வெச்சிருக்காங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் கையில் அவருடைய டம்ளர் இருந்தது, எதிரில் அவர் நின்றார். நான் நிரந்தரம் இல்லாத ஆள். சொன்னால் அன்றைக்கே வெளியே என்று பயந்தேன்.

கூட்டத்தில் யார் மாற்றியது என்று கேட்டார்கள். மேனேஜர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்த் தட்டோடு கதவருகில் நின்றேன். பிரகாசம் எழுந்தார். "மொதல்ல நேரத்தப் பாக்க வேண்டியது நானு. தப்பு என்னுது" என்றார். காலாப்பட்டுப் பள்ளி வேலையை அவரிடமிருந்து எடுத்து வெளியாளிடம் கொடுத்தார்கள். அவர் படித்த பள்ளி அது. கடைசிவரை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் கேட்டில் வண்டியை நிறுத்தி முதலில் இதைத்தான் கேட்பார்.

"அண்ணே, உங்க வாட்ச்சுல மணி என்னா?"

"பத்து இருவது முசியே."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

சிரித்துவிட்டு உள்ளே போவார். அவர் கையிலேயே நல்ல கடிகாரம் இருந்தது.

அன்றைக்கு அவரால் தப்பு நேர்ந்தது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மாற்றச் சொன்னது நான். கலா மேல் குற்றம் இல்லை, பிரகாசம் மேல் சுத்தமாக இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலை அவர் கல்லறைக்குப் போய் இதையே வாய்விட்டுச் சொன்னேன். ஈரமண் மேல் பூ வாடிக் கிடந்தது. வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்விதான். விளையாட்டுக்குக் கேட்டாரா, தெரிந்தே எனக்கு உண்மையைச் சொல்ல இடம் கொடுத்தாரா, இனிமேல் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. எத்தனையோ வருடம், எத்தனையோ காலை கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் மணியை மட்டும் சொன்னேன்.