ஈயக் குடத்தில் குங்குமம்

இந்த நாட்டில் வேலை முடிந்து வீடு திரும்ப என் கைகள் அனுமதி பெற வேண்டும். வாசலில் உள்ள இயந்திரத்துக்குள் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி நிற்பேன். கதிர்வீச்சு ஒட்டவில்லை என்று பச்சை விளக்கு எரிந்தால்தான் கதவு திறக்கும். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பு வருவதில்லை.

டெலூரியம் என்ற பொடியை அணு உலைக்குள் வைத்தெடுத்து, அதில் பிறக்கும் கதிரியக்க அயோடினைப் பிரித்து, ஈயக் குடத்தில் அடைத்து அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. கழுத்தில் தைராய்டுப் புற்று வந்தவர்கள் அதைக் குடித்தால் அது நேரே புற்றைத் தேடிப்போய் எரிக்கும். ஆனால் எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். எப்படிப் பூட்டி வைத்தாலும் குறையும்.

ஆறு மாதத்துக்கு முன் மதராஸ் ஆஸ்பத்திரிக்கு ஒரு குடம் போனது. அதற்காக அங்கே காத்திருந்தவள் என் தங்கை வள்ளி, குளத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டில் புதுச் சைக்கிள்கூடக் குங்குமம் வைக்காமல் வாசல் தாண்டாது. அம்மா தபாலில் அனுப்பியிருந்த கோயில் குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, யாரும் பார்க்காத நேரத்தில் குடத்தின் மூடியோரம் வைத்துவிட்டேன். படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். கூடப் பிறந்தவளுக்கு மருந்து அனுப்பும்போது படிப்பாவது ஒன்றாவது!

பரிசோதகர் ஹாரிஸ் கண்ணில் அது பட்டுவிட்டது.

"எங்கிருந்து கசிந்தது?"

"கசியவில்லை. எங்கள் அம்மன் குங்குமம்."

"சரி, அது எத்தனை நாளில் பாதியாகும்?"

கேலியில்லை. பென்சிலும் கையுமாக உண்மையாகவே கேட்டார். துடைத்து, சோதித்து, கையெழுத்துப் போடுவதற்குள் விமானம் போய்விட்டது. அடுத்த விமானம் நான்கு நாள் கழித்துத்தான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, என்மேல்தான்.

வீரியம் குறைந்த மருந்து போதவில்லை, இன்னொரு தடவை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக வள்ளியின் கணவர் எழுதினார். அதே உறைக்குள் வள்ளியின் கடிதமும் இருந்தது.

"அண்ணே, மருந்து வந்த குடத்து மூடி இடுக்குல குங்குமம் ஒட்டியிருக்குன்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஒங்க கைதான்னு தெரிஞ்சுக்கிட்டேன். அப்பறம் பயமே இல்லாமக் குடிச்சுட்டேன். யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு தனியா வச்சிருந்தப்பகூட நீங்க இங்கிட்டுத்தான் நிக்கிற மாதிரி இருந்துச்சு."

தாமதம் யாரால் என்று அவளுக்கு நான் இன்னும் எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் கை வரமாட்டேன் என்கிறது.

இன்று அவளுக்கான இரண்டாவது குடம் நேரத்துக்குக் கிளம்பியது. ஹாரிஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஒரு பொட்டுக் கறை இல்லை. குங்குமப் பொட்டலம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. வாசல் இயந்திரம் என் கைகள் சுத்தம் என்று பச்சை விளக்கு காட்டியது. கதவைத் தாண்டி வந்தும் வீட்டுப் பக்கம் நடக்கத் தோன்றவில்லை.

இந்த வாரத்துக்குள் வள்ளி அந்த மூடியோரம் பார்க்கச் சொல்லி நர்ஸம்மாவைக் கேட்பாள்.